வடலூரில் ஓர் அணையா அடுப்பு

இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்பு அணைந்துவிட்டதா என்று இன்னொரு தரம் எட்டிப் பார்த்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும், இல்லையா? ஆனால், 1867-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி மூட்டிய அடுப்பு ஒன்றை அணையவிடாமல் இன்றுவரை காத்து வருகிறார்கள்! கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் ஏறி வடலூரில் இறங்குங்கள். நீங்களே கண்ணாரக் காணலாம்.

பார்வதிபுரம் என்றும் பெயர் கொண்ட இந்த ஊர் அன்று சின்னஞ்சிறு கிராமம். சென்னையில் வளர்ந்த இராமலிங்க அடிகள், பட்டணத்தை விட்டுப் புறப்பட்டு, பக்கத்துக் கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியாரின் வீட்டில் பல வருஷங்கள் தங்கியிருந்தார். பிறகு வடலூருக்கு வந்தார். ஊரார் 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தார்கள். அங்கே அவர் முதலில் எழுப்பியது கோயிலல்ல. பசித்தவருக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலை! ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை 1872-ல்தான் வந்தது.

அடுப்பின் நீளம் 21 அடி. அகலமும் ஆழமும் இரண்டரை அடி. அரிசி, பருப்பு, காய்கறியெல்லாம் அன்பர்கள் கொண்டுவந்து கொடுப்பவை.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஞான சபைக்குள் நுழைய ஒரு நிபந்தனை உண்டு: கொலையும் புலாலும் தவிர்த்தவராக இருக்க வேண்டும். தருமச்சாலைப் பந்தியிலோ நிபந்தனையே கிடையாது! எந்தத் தேசம், எந்தச் சமயம், என்ன ஜாதி, எப்படிப்பட்ட நடத்தை என்றெல்லாம் விசாரிக்காமல் பசியைப் போக்க வேண்டும் என்பது அடிகளின் கட்டளை. தமது கொள்கையை ஏற்காதவருக்கும் பசி பசிதானே என்று எண்ணிய உள்ளம் அது.

1874 ஜனவரி 30-ந் தேதி, அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார் அடிகள். அதன்பின் அவரை யாரும் கண்டதில்லை என்பார்கள். நெருப்பை மூட்டியவர் ஏழே வருஷத்தில் மறைந்துவிட்டார். அதை ஒன்றரை நூற்றாண்டாகக் காத்தவர்கள், விறகு தள்ளியும் அரிசி களைந்தும் உழைத்த பெயர் தெரியாத மனிதர்கள்!

தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும்போது கூட்டம் அலைமோதும். அடுப்பை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் சாதாரண நாளில் போய் வாருங்கள். ஆனால், வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு படி அரிசியாவது எடுத்துச் செல்லுங்கள்.