மொட்டாவியாவில் மின்வெட்டு

'பேண்டசி ஸ்டார்' இரண்டாம் பாகத்தை ஆடிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வசவுதான் வரும். அதில் வரும் குகைகளை வரைந்தவன் கையில் கிடைத்தால் விடமாட்டேன் என்பார்கள். வசவு அடங்குவதற்குள் நேய் என்ற பெண் செத்த இடத்துக்கு வந்து குரல் இறங்கிவிடும். 1989-ல் சேகா நிறுவனம் மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் பெட்டிக்காகக் கொண்டுவந்த ஆட்டம் அது. விண்கப்பலும் வாளும் மந்திரமும் ஒரே கதையில் கலந்திருக்கும். அதில் நாயகனோடு வருகிறவர்களில் வேறு யார் செத்தாலும் ஊருக்குள் இருக்கும் குளோன் கூடத்தில் காசு கொடுத்தால் உயிர் திரும்பிவிடும். நேய்க்கு மட்டும் திரும்பாது. 1997-ல் 'ஃபைனல் ஃபேன்டசி' ஏழாம் பாகத்தில் ஏரித் செத்ததற்கு உலகமே அழுததாகச் சொல்வார்கள். அதற்கு எட்டு வருடம் முன்னாலேயே எங்களை அழவைத்துவிட்டார்கள் என்பது சேகாக்காரர்களின் தீராத பெருமை.

பெங்களூரில் என்னோடு வேலை செய்கிறவர்களில் சிலர் இதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். முதல் பாகத்தில் ஆலிஸ் என்ற பெண்ணை நாயகியாக்கியது 1987-ல் எவ்வளவு பெரிய காரியம், மூன்றாம் பாகம் ஏன் சப்பென்று போனது, 1993-ல் வந்த நான்காம் பாகம் ஏன் எல்லாவற்றுக்கும் சிகரம் என்று நன்றாகவே பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் நான் தேடுகிற அபிப்பிராயங்கள் வேறு. அவை கம்பைநல்லூரில் எங்கள் பெரியப்பா வீட்டு முன்னறையில் சொல்லப்பட்டவை. சொன்னவர்களில் பாதிப் பேர் கீபோர்டைத் தொட்டதே இல்லை.

அந்த ஆட்டம் எங்கள் ஊருக்கு வந்ததே கொல்லைப்புற வழியாகத்தான். 1995-ல் மெகா டிரைவை இந்தியாவில் ஷா வாலஸ் கம்பெனி விற்றபோது விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்துக் கம்பைநல்லூரில் அந்தக் காசுக்கு மாடு வாங்குவார்கள், பெட்டி வாங்கமாட்டார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'டிவி கேம்'. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவியில் அதைச் சொருகி, ஆயிரம் கேம் இருப்பதாக அட்டையில் போட்ட மஞ்சள் கேசட்டில் மரியோவும் கான்ட்ராவும் ஆடினோம். ஆயிரம் என்பது அதே பத்துப் பதினைந்துதான், பெயரை மாற்றி மாற்றிப் போட்டிருப்பான். அந்தக் கேசட்டுகளில் நீளக் கதை ஆட்டம் மருந்துக்கும் இருக்காது. விட்ட இடத்தை நினைவில் வைக்க கேசட்டுக்குள் பேட்டரி வேண்டும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிறவன் பேட்டரி வைப்பானா?

பெரியப்பா மகன் பெங்களூரில் வேலைக்குப் போய், பழைய பாகங்களை வாங்கிச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான். கூடவே ஒரு சிடி. அதில் பழைய பெட்டிகளின் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரும் சேகா ஆட்டங்களும். முன்னறையில் மேசை போட்டு, மானிட்டருக்குப் பெரியம்மா பூப்போட்ட உறை தைத்துப் போட்டதும் சாயங்காலம் ஆனால் கூட்டம். அண்ணன் ஆடுவான். திரையில் வரும் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. தெரியாத இடத்தில் நானாகக் கட்டிவிடுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

இன்னொரு வேலையும் உண்டு. இந்த ஆட்டத்தில் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து சில்லறைப் பிராணிகளை அடித்து லெவல் ஏற்றாமல் அடுத்த குகைக்குள் கால் வைக்கமுடியாது. அண்ணன் டீக்கடைக்குப் போகும்போது எங்களில் ஒருத்தனை உட்காரவைத்து, "நான் வர்ற வரைக்கும் மாடு மேய்ச்சிட்டு இரு" என்பான். மேய்ச்சலேதான் அது. நீலக் கட்டம் போட்ட அதே பின்னணியில் அதே பூச்சிகளை அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் இரண்டாம் பாகத்தின்மேல் சொல்லும் பெரிய புகாரே இந்த இழுவைதான். நியாயமான புகார். ஆனால் திரையில் ஒன்றும் நடக்காத அந்த ஒரு மணி நேரத்தில்தான் அறையில் வாய்கள் திறந்தன. கதை வேகமாக ஓடியிருந்தால் ஆயாவும் தாத்தாவும் எங்கே பேசியிருப்பார்கள்?

நேய் செத்த அன்று ஆயா முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தது. "ஏண்டா, அந்தக் காது நீண்ட புள்ளையக் கூட்டிட்டு வந்ததே சாவடிக்கத்தானா? ஊட்லயே உட்டுட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்றது. அண்ணன், கதை அப்படி ஆயா என்றான். "கத எழுதுனவனுக்குப் பொட்டப்புள்ள இருக்காது" என்று சொல்லிவிட்டு மாவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. அந்த ஆட்டத்துக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் ரியெகோ கொடாமா என்ற பெண் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான்காம் பாகத்தை இயக்கியவர்களிலும் அவர் உண்டு. 2022-ல் அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி மாதங்கள் கழித்து வெளியானபோது, ஆயாவிடம் சொல்ல ஒரு சேதி இருந்தது, ஆயாதான் இல்லை.

தாத்தாவின் அக்கறை முழுக்கத் தண்ணீர்மேல். கதை நடக்கும் மொட்டாவியா என்ற கிரகம் முதல் பாகத்தில் வெறும் மணல்காடு. இரண்டாம் பாகத்தில் மதர் பிரெயின் என்ற பெரிய கம்ப்யூட்டர் மழையை, அணையை, விளைச்சலை எல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டு அதைப் பச்சையாக்கியிருக்கும். தென்பெண்ணை பக்கத்தில் ஓடியும் கிணற்றில் குடத்தை விட்டுச் சுரண்டிய ஊர்க்காரருக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டியதில்லை. தர்மபுரி மாவட்டத்தின் ஃபுளோரைடு தண்ணீர் பல்லில் கறையாகவும் முட்டியில் வலியாகவும் தங்கியிருந்த காலம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல்தான் வந்தது. தாத்தா சொன்னார்: "கெணறு வத்துனாலும் அது நம்ம கெணறு. இங்க எவனோ மேல குந்திகினு கொழாயத் திருப்பறான். அவன் தூங்கிட்டா என்னா பண்ணுவ?" கதையில் அப்படியேதான் ஆகிறது. தட்பவெப்பத்தை ஆளும் கூடம் அழிந்ததும் தண்ணீர் பெருகி, நான்கு அணைகளைப் போய்த் திறந்துவிடவேண்டி வரும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு குகை. அண்ணன் கணக்கு நோட்டில் படம் வரைந்து வரைந்து வழி கண்டுபிடித்தான். அமெரிக்காவில் ஆட்டத்தோடு குறிப்புப் புத்தகமே கொடுத்தார்களாம். எங்களுக்கு நோட்டுதான்.

2017 கடைசியில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்து தென்பெண்ணைக் கரையெல்லாம் எச்சரிக்கை போனபோது அண்ணனிடமிருந்து எனக்கு வந்த குறுஞ்செய்தி: "சிவப்பு டேம் ஓப்பன்."

மின்வெட்டைச் சொல்லாமல் விடமுடியாது. 2008-லிருந்து நாலைந்து வருடம் தமிழ்நாட்டில் கரண்ட் எப்போது போகும் என்பது ஊருக்கே தெரியும், எப்போது வரும் என்பதுதான் தெரியாது. எங்கள் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் கிடையாது. மஞ்சள் அணைக்குள் பாதி வழியில் திரை கறுத்ததும் அறை முழுக்க ஒரே "அய்யோ". பிறகு யாரும் கலைந்து போகமாட்டார்கள். பெரியம்மா விசிறியோடு வந்து உட்காரும். போன இடத்திலிருந்து கதை எப்படிப் போகும் என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்போம். நாயகன் ரோல்ஃப் அரசாங்க ஆள் என்று சொன்னபோது சித்தப்பா, "அப்ப மேலதிகாரி பேச்சக் கேட்டே கெட்டுப்போவான்" என்றார். அவர் சர்க்கார் ஊழியர்.

நான்காம் பாகத்தையும் அதே அறையில் ஆடினோம். நன்றாகச் செய்த ஆட்டம் அதுதான், இதில் பெங்களூர்க்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. படக்கதைப் புத்தகம்போல் கட்டம் கட்டமாக முகங்கள் வரும். கூலிக்கு வேட்டையாடும் ஆலிஸ் (முதல் பாகத்து நாயகி இல்லை, வேறு ஆள்), கூட வரும் ஹான் என்ற படிப்பாளியிடம் இன்னும் கொடு, இன்னும் கொடு என்று பணம் கறப்பதற்குப் பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் மேய்ச்சல் குறைவு. சரசரவென்று கதை நகர்ந்துவிட, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம். சினிமா கொட்டகைபோல ஆகிவிட்டது அறை.

இப்போது என்ன குறை? முதல் பாகத்தைச் சேகா 2018-ல் புதுப்பித்து விட்டபோது, குகைப்படம் தானாக வரைந்துகொள்கிற வசதி, சண்டையைக் குறைத்து லெவலைச் சீக்கிரம் ஏற்றுகிற வசதி எல்லாம் வைத்தார்கள். எதுவும் இப்போது கைபேசியில் ஓடும், கரண்டும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சோபாவில் படுத்து ஆடுகிறேன். நேய் சாகிறாள். பக்கத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அண்ணனோடு ஒரு வழக்கு மட்டும் பாக்கியிருக்கிறது. இரண்டாம் பாகத்தின் முடிவில், மதர் பிரெயினைச் செய்தவர்கள் தங்கள் பூமியைப் பாழாக்கிவிட்டு வந்த மனிதர்கள் என்று தெரியவரும். அவர்கள்மேல் ரோல்ஃப் கூட்டம் பாய்கிறது. ஒவ்வொரு முகமாகக் காட்டி, யார் பிழைத்தார் என்று சொல்லாமலே முடித்துவிடுவார்கள். ஆட்டக்காரர்கள் இன்றுவரை இதில் இரண்டு கட்சி. அண்ணன், எல்லாரும் காலி என்கிறான். நான், பாதிப் பேராவது மிஞ்சியிருப்பார்கள் என்கிறேன். தாத்தா அன்றே, "காட்டலன்னா செத்துட்டான்னு அர்த்தம், பொழச்சிருந்தா காட்டிக் காசு பாத்திருப்பான்" என்று அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

வருகிற பொங்கலுக்கு இரண்டு பேரும் ஊருக்குப் போகிறோம். லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், முன்னறையில் வைத்துக் கடைசிவரை ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"சரி, கொண்டாடா" என்றான் அண்ணன். "ஆனா லெவலெல்லாம் அங்கயே ஏத்தி எடுத்துகினு வா. இங்க வந்து மாடு மேய்க்க எனக்கு லீவு இல்ல."