பச்சை லைனில் ஒரு கொள்ளுத்தாத்தா

லண்டன் போனா முதல்ல எங்கே போவீங்க? பிக் பென், லண்டன் ஐ, மெழுகு பொம்மை மியூசியம்... அப்புறம் நம்ம கோஹினூரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட 'டவர் ஆஃப் லண்டன்'. நானும் அதே லிஸ்ட்டோடதான் டவர் ஹில் ஸ்டேஷன்ல இறங்கினேன். கூட வந்த தோழி லிவர்பூல் பொண்ணு, ஒரே கிளாஸ். 'வைரம் எங்கேயும் போயிடாது, முதல்ல எதிர்ப்பக்கம் வா'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. அன்னைக்கு நான் கோஹினூர் பார்க்கலை.

நீங்க போனா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் டவரைப் பார்த்து ஓடாதீங்க. பக்கத்துலயே 'ட்ரினிட்டி ஸ்கொயர் கார்டன்ஸ்'னு ஒரு சின்னப் பூங்கா. அந்தக் காலத்துல தலையை வெட்டுற மேடை இருந்த இடம். தாமஸ் மோர் தலை போனது இங்கேதான். இப்போ ஆபீஸ்காரங்க சாண்ட்விச் சாப்பிடுறாங்க. அதே பூங்காவுக்குள்ள, தூண்கள் வெச்ச ஒரு நீள மண்டபம். அதை ஒட்டி, படி இறங்கிப் போற மாதிரி பள்ளமா ஒரு தோட்டம். சுவர் முழுக்க வெண்கலப் பலகைகள். பலகை முழுக்கப் பேர்கள்.

ராணுவக்காரங்க பேர் இல்லை. சரக்குக் கப்பல்ல வேலை பார்த்தவங்க பேர். கோதுமை, பெட்ரோல், இறைச்சி, வெடிமருந்துன்னு ஏத்திக்கிட்டு அட்லாண்டிக்கைக் கடந்தவங்க. மண்டபம் முதல் உலகப் போருக்கானது. லட்யன்ஸ் வடிவமைச்சது, 1928-ல் திறந்தாங்க. நம்ம புது டெல்லியை வடிவமைச்ச அதே லட்யன்ஸ்தான். பள்ளத் தோட்டம் இரண்டாம் உலகப் போருக்கானது. எட்வர்ட் மாஃப் வடிவமைச்சு, 1955-ல் ராணி எலிசபெத் திறந்து வெச்சது. முதல் போருக்கு 12,000 பேர் அளவுல. இரண்டாவதுக்குக் கிட்டத்தட்ட 24,000 பேர். கடலைத் தவிர வேறே கல்லறை இல்லாதவங்க மட்டும்தான் இங்கே.

பேர்களை அடுக்கின விதம்தான் என்னை நிறுத்திப் போட்டுச்சு. கப்பல் வாரியா இருக்கு. கப்பல் பேர், அதுக்குக் கீழே அதோட போனவங்க. சில கப்பலுக்கு ரெண்டே பேர். சிலதுக்கு ஒரு கிளாஸ் அட்டெண்டன்ஸ் மாதிரி நீண்டு போகுது. ஒரே குடும்பப் பேர் அடுத்தடுத்து வந்தா, அண்ணன் தம்பியோன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும்.

தோழி ஒரு பலகைக்கு முன்னாடி நின்னா. 'இதுல என் கொள்ளுத்தாத்தா பேர் இல்லை. அவர் பிழைச்சிட்டார். இவங்க அவரோட வேலை பார்த்தவங்க'ன்னா. அதுக்கப்புறம்தான் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தா.

அவ பாட்டி கொடுத்த டின். உள்ளே ரெண்டு நட்சத்திர மெடல், ஒரு வட்ட மெடல், மடிச்ச ஒரு காகிதம். வீட்டுல வழிவழியா வந்த கதை என்னன்னா, 'கப்பல் மூழ்கறப்போ தாத்தா கீழே இறங்கிப் போய் எல்லாரையும் காப்பாத்தினார், மன்னர் கூப்பிட்டு மெடல் குத்தினார்.' பாட்டிக்கு வயசாகிடுச்சு. 'கதை நிஜமான்னு நான் இருக்கறப்பவே கண்டுபிடிச்சுச் சொல்லு'ன்னு பேத்தியைக் கேட்டிருக்காங்க. அதான் மேட்டர்.

நான் மெடலைப் பார்த்ததும் 'ஆஹா, ஹீரோ!'ன்னுட்டேன். அது தப்பு. அந்த நட்சத்திரங்கள் வீரச்செயலுக்குக் கொடுத்தவை இல்லை. ஒண்ணு '1939-45 ஸ்டார்': போர்க்காலத்துல கடல்ல ஆறு மாசம் இருந்திருக்கணும். இன்னொண்ணு 'அட்லாண்டிக் ஸ்டார்': அதுக்கு மேலே அட்லாண்டிக்ல இன்னொரு ஆறு மாசம். நீலம், வெள்ளை, பச்சைன்னு ரிப்பனே கடல் மாதிரி இருக்கும். பிரிட்டன் கொடுத்த இந்தப் போர் மெடல்கள்ல வாங்கினவர் பேரைப் பொறிக்கவே இல்லை. அதனால, டின்னுக்குள்ள மெடல் இருந்தா அது தாத்தாவோடதுதான்னு மெடல் சாட்சி சொல்லாது. அதுவும் கப்பல்காரங்க தாங்களே விண்ணப்பம் போட்டாத்தான் கிடைச்சுது. எத்தனையோ பேர் போடவே இல்லை.

வீரத்துக்குன்னு கொடுத்த விருதுகள் வேறே. ஆர்டர், மெடல், மன்னரோட பாராட்டுன்னு பல படிகள். லாயிட்ஸ் கம்பெனி தனியா ஒரு மெடல் வெச்சிருந்தாங்க. விக்டோரியா ட்ரம்மண்ட்னு ஒரு பெண் இன்ஜினியர். 1940-ல் குண்டு விழுந்துட்டிருக்கறப்போ இன்ஜின் ரூமுல தனியா நின்னு கப்பலை ஓட்டினதுக்கு அந்த மெடலும் எம்.பி.இ. விருதும் வாங்கினாங்க. பூன் லிம்னு ஒரு சீன ஸ்டூவர்ட்; 1942 நவம்பர்ல கப்பல் மூழ்கி, ஒரு தெப்பத்துல 133 நாள் தனியா மிதந்து பிரேசில் பக்கம் கரை சேர்ந்தவர். அவருக்கு பி.இ.எம். கிடைச்சுது. நம்மாளுங்க எக்ஸாம் ஹால்ல மூணு மணி நேரம் உட்கார என்ன பாடு படறோம்!

சரி, எப்படித் தேடறது? டவர் ஹில்லுல டிஸ்ட்ரிக்ட் லைன், அதாவது மேப்புல பச்சை லைன், ரிச்மண்ட் போற வண்டியில ஏறுங்க. கியூ கார்டன்ஸ்ல இறங்குங்க. எல்லாரும் பூந்தோட்டத்துக்குப் போவாங்க. நீங்க எதிர்த்திசையில நடங்க. முன்னாடி குளம், குளத்துல வாத்து, பின்னாடி கான்கிரீட் கோட்டை மாதிரி ஒரு கட்டடம். அதுதான் பிரிட்டனோட தேசிய ஆவணக் காப்பகம். டிக்கெட் காசு கிடையாது. ஒரிஜினல் காகிதங்களைப் பார்க்கணும்னா அடையாளச் சான்று காட்டி ரீடர் கார்டு வாங்கணும். பேனா கூடாது, பென்சில்தான். பையெல்லாம் லாக்கருக்கு. கையில டிரான்ஸ்பரண்ட் கவர். எக்ஸாம் ஹால் ஞாபகம் வரும், ஆனா சூப்பர்வைசர் புன்னகைக்கிறார்.

பி.டி. 395-ங்கற வரிசையில மெடல் விண்ணப்பங்கள் இருக்கு. கொள்ளுத்தாத்தா விண்ணப்பிச்சிருந்தார். அப்பாடா, டின் அவரோடதுதான். பி.டி. 382-ல் எந்தெந்தக் கப்பல்ல எப்போ ஏறினார், எப்போ இறங்கினார். பி.டி. 389-ல் கப்பல் எந்தெந்தத் துறைமுகம் போச்சுன்னு அட்டை அட்டையா. அவர் விருது மட்டும் எங்கேன்னு புரியலை. லண்டன் கெஜட்டுல தேடினா, 1943-ல் ஒரு நீளப் பட்டியல்ல ஒத்தை வரி: பேர், 'செகண்ட் இன்ஜினியர் ஆபீசர்'. கப்பல் பேர் இல்லை. எதிரிக்குத் துப்பு போகக்கூடாதுன்னு போர்க்காலத்துல பல நேரம் போட மாட்டாங்க. பட்டியலோட தலைப்பு 'கமண்டேஷன்'. அதாவது மன்னரோட பாராட்டு. மெடல் இல்லை.

'பாட்டிகிட்ட இதை எப்படிச் சொல்றது?'ன்னு தோழி முகம் வாடிப் போச்சு.

கடைசியா ஏ.டி.எம். 199. கப்பல் மூழ்கிப் பிழைச்சு வந்த கேப்டன்கள்கிட்ட கடற்படை உட்கார்ந்து கேட்டு, டைப் அடிச்சு வெச்ச அறிக்கைகள். அவ கப்பலோடது மூணே பக்கம். நடுவுல ஒரு பத்தி. டார்பிடோ பட்டும் இன்ஜின் நிக்கலை. கப்பல் ஓடிட்டிருக்கறப்போ லைஃப் போட் இறக்கினா கவிழ்ந்துடும். செகண்ட் இன்ஜினியர் கீழே இறங்கி நீராவியை மூடினார். அதனாலதான் ரெண்டு படகு ஒழுங்கா இறங்குச்சு. கதை நிஜம்!

அடுத்த வரியை அவ சத்தமாப் படிக்கலை. என் பக்கம் தள்ளினா. 'அவரோடு ஒரு இந்திய ஃபயர்மேனும் கீழே போனார். அவர் திரும்பி வரவில்லை'ங்கற அர்த்தத்துல ஒரு வாக்கியம். பேர் இல்லை.

ஃபயர்மேன்னா தீயணைப்பு வீரர் இல்லை, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடறவர். போருக்கு முன்னாடி பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் இந்தியர். 'லஸ்கர்'னு கூப்பிடுவாங்க. இன்ஜின் ரூமுக்கு சில்ஹெட் பக்கத்துலயிருந்துதான் நிறையப் பேர். ஒப்பந்தம் தனி, சம்பளம் தனி. போர் ஆரம்பிச்சப்போ பிரிட்டிஷ் மாலுமிக்குக் கொடுத்ததுல அஞ்சுல ஒரு பங்கு கிட்டதான். 1939-ல் இதுக்காக ஸ்டிரைக் பண்ணி ஜெயிலுக்குப் போனவங்களும் உண்டு.

டவர் ஹில் பலகையில அவர் பேர் இருக்காதான்னு கேட்கறீங்களா? இருக்காது. ஒரே கப்பல், ஒரே டார்பிடோ, ஆனா இந்திய மாலுமிகள் பேர் அங்கே இல்லை. மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கற நினைவுப் புத்தகங்கள்ல இருக்கு. கடற்படைக்காரங்களோட சேர்த்து 6,000-க்கும் மேலே. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட தளத்துல கப்பல் பேரைத் தட்டிப் பார்த்தோம். அந்தக் கப்பல்ல இறந்த ஃபயர்மேன்கள் நாலு பேர். கூட இறங்கினவர் அந்த நாலுல ஒருத்தர். யாருன்னு எந்தக் காகிதமும் சொல்லலை.

நாலு பேரையும் பென்சில்ல எழுதிக்கிட்டா. திரும்பி வர்றப்போ வண்டியில 'இதை எப்படி உச்சரிக்கணும்? உங்க ஊர்ப் பேர்தானே?'ன்னா. 'அம்மா தாயே, சில்ஹெட் எங்கே, திருச்சி எங்கே'ன்னு சொல்லிட்டு, நானும் எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன்.

அன்னைக்கு ராத்திரியே பாட்டிக்கு போன் போட்டா. மெடல் இல்லை, பாராட்டுன்னு சொன்னா. பாட்டி அதைக் கண்டுக்கவே இல்லையாம். 'அப்பா குடிச்சா ஒரு பேர் சொல்லி அழுவார், எங்களுக்குப் புரியாது. அந்த நாலு பேரையும் மெதுவாப் படி'ன்னாங்களாம். இவ படிச்சா. மூணாவது பேர்ல பாட்டி 'திரும்பச் சொல்லு'ன்னாங்க. ரெண்டு தரம் சொன்னதும், 'இருக்கலாம்... சரியாத் தெரியலை'ன்னுட்டாங்க.

மும்பையில மஸ்ஜித் ஸ்டேஷன்ல இறங்கிக் கிழக்கே நடந்தா 'இந்தியன் செய்லர்ஸ் ஹோம்' வரும். புத்தகம் அங்கேதான். அந்த மூணாவது பேர் இருக்கற பக்கத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்னு தோழிகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். பென்சில் சீட்டு இன்னும் என் பர்ஸ்லதான் இருக்கு.