என் பெயர் இருந்த பட்டியல்

எனக்கு யாரும் ஓட்டுப் போட்டதில்லை. இருந்தும் மலாக்கா மாநிலத்தின் ஒரு நகராண்மைக் கழகத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். எந்தக் கழகம் என்று சொல்லப்போவதில்லை. நான் இங்கே எழுதுவது என் குற்றத்தை. கட்சி பெயர் கொடுத்தது, மாநில அரசு நியமித்தது, கடிதம் வீட்டுக்கு வந்தது. அதைக் கண்ணாடி போட்டு முன்கூடத்தில் மாட்டினேன். "இதெல்லாம் எதுக்கு?" என்றாள் மனைவி. மாட்டினேன்.

சட்டப்படி இதில் தவறே இல்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, ஒரு மன்றத்துக்குத் தலைவர் நீங்கலாக 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கலாம் என்கிறது. ஊராட்சித் தேர்தலுக்கு நிரந்தரமாகக் கதவடைத்ததும் அதே சட்டந்தான். அதற்கு முன்னரே, இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச் 1ஆம் தேதி தேர்தல்களை நிறுத்தியிருந்தார்கள். அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்றார் அன்றைய பிரதமர் துங்கு. மோதல் 1966இல் ஓய்ந்தது. தேர்தல் வரவில்லை. இதையெல்லாம் நான் உறுப்பினராவதற்கு முன்பே படித்திருந்தேன். படித்தவன் என்பதால்தான் என்னைப் போட்டார்கள்.

பதவி எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோயில் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி, கல்யாண வீட்டில் வாசல்வரை வந்து கூட்டிப்போவது, ஒட்டுக்கடையில் தேத்தண்ணீருக்குக் காசு வாங்க மறுப்பது. ஜாசின் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கிராணி மகனாக வளர்ந்தவன் நான். லயத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வேலிக்கு வெளியே நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளே பெரியவர்களாகி, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்து, சாக்கடைக்கும் கடை உரிமத்துக்கும் மனுவோடு என்னிடம் வந்தபோது, அப்பா காலத்து வேலி மறுபடியும் எழுந்ததைப்போல ஒரு சுகம். அசிங்கமான சுகம். ஆனால் இருந்தது.

தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையோரம் ஒரு வரிசை ஒட்டுக்கடைகள். பாதிக்கு மேல் நம்மவர்கள். அதில் ஒரு கடை எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுடையது. தோசை, வடை, காலையில் நாசி லெமாக். இரவு வேலை முடிந்து வரும் தொழிலாளர்கள் அங்கேதான் பசியாறுவார்கள். சாலையை அழகுபடுத்தும் திட்டம் வந்தது. சுற்றுப்பயணிகள் வரும் மாநிலம், பாதை பார்வையாக இருக்க வேண்டுமாம். கடைகளை அகற்றச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீங்க உள்ள இருக்கீங்க. எங்களுக்காக ஒரு வார்த்தை பேசுங்க. போகச் சொன்னா போறோம், ஆள் நடமாட்டம் உள்ள இடமாக் குடுக்கச் சொல்லுங்க." பேசுகிறேன் என்றேன். பழம், வெற்றிலை எல்லாம் கொண்டுவந்திருந்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

முழுமன்றக் கூட்டத்தில் அந்த அம்சம் வந்தபோது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். நான் கோப்பைப் புரட்டினேன். அடுத்த அம்சம் மரம் நடுவது. மாற்று இடம் கொடுத்தார்கள், கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்; தொழிற்சாலைக்காரர்கள் கால் வைக்காத ஒரு சந்தைக் கட்டடத்தின் பின்பக்கம். மழைக்காலம் முடிவதற்குள் அந்த அம்மா கடையை மூடினார். அதன்பிறகு என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார், நிற்க மாட்டார்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் 171 சொல்கிறது. மன்றம் தீர்மானம் போட்டால்தான் மூடலாம். எனக்கு அது தெரியும். "அம்மா, இருபது பேர் வந்து பின்னால் உட்காருங்கள், யாரும் தடுக்க முடியாது" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்தால் நான் வாய் திறக்க வேண்டியிருக்கும். திறந்தால் அடுத்த பட்டியலில் என் பெயர் இருக்குமா என்ற பயம். கட்சியின் தொகுதித் தலைவர் ஒருவர்தான் எனக்கு வாக்காளர். அவர் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டேன்.

வேறு மாதிரியும் மன்றம் நடக்கும் என்பது தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் படித்தேன். உருக்காலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரம். காமன்வெல்த் நாட்டவர் அங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டு. ஆக, சொந்த ஊரின் சாக்கடையைப் பற்றி ஓட்டுப் போட முடியாத நான், வெள்ளைக்காரன் ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் போட்டேன். வட்டாரத்துக்கு மூன்று உறுப்பினர்கள். ஆண்டுக்கு ஒருவராக மக்களைச் சந்திக்க வேண்டும். மன்றத் தலைவர் டேவிட் பிளங்கெட், பிறவியிலேயே பார்வையில்லாதவர், 22 வயதில் தேர்தலில் நின்று உள்ளே வந்தவர். ஒரு மே மாதத் தேர்தலுக்கு முன் கதவைத் தட்டிய வேட்பாளர், கத்தி கரண்டிக்கு மெருகேற்றும் பட்டறையில் வேலை பார்த்த அம்மையார். என்ன குறை என்றார். தெருவிளக்கு எரியவில்லை என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. சில நாளில் எரிந்தது.

அந்த நகரத்தைப் புனிதமாக்க நான் வரவில்லை. 1926 முதல் ஏறக்குறைய எப்போதும் தொழிற்கட்சியின் கையில் இருந்த மன்றம் அது. கழுதையை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பார்களே, அப்படி. 1974 வரை அங்கேயும் ஆல்டர்மன் என்ற பெயரில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காதவர்கள் மன்றத்தில் இருந்தார்கள். ஆனால் 1968இல் அந்தக் கட்சியும் அங்கே தோற்றது. மன்ற வீடுகளின் வாடகை விஷயத்தில் குடியிருந்தவர்கள் கொதித்துப்போனது அதற்கு ஒரு காரணம். மறு ஆண்டே ஆட்சியைத் திரும்பப் பிடித்தார்கள். தோற்றதைப் பற்றி நான் அங்கிருந்த காலத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள். மக்களிடம் தோற்போமோ என்ற அப்படி ஒரு பயம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

உறுப்பினர் பதவி போன பிறகாவது திருந்தினேனா என்றால், இல்லை. ஊராட்சித் தேர்தல் வேண்டுமா என்ற பேச்சு விட்டுவிட்டு எழும். 2015இல் பாஸ் கட்சித் தலைவர் ஹாடி அவாங், மே 13 இனக்கலவரம் மறுபடி வரும் என்றார். 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் மகாதீர், இனமோதல் வரும் என்று மறுத்தார். நம்மவர் கூட்டமொன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கென்று ஒரு வாதம் வைத்திருந்தேன்: மலாக்காவில் இந்தியர்கள் நாம் நூற்றுக்கு ஆறு பேரை ஒட்டித்தான் இருக்கிறோம், தேர்தல் வந்தால் ஒரு நாற்காலியும் மிஞ்சாது, நியமனத்திலாவது நமக்கென்று ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். கைதட்டினார்கள்.

இளம் வழக்கறிஞர் ஒரு பெண் எழுந்தாள். "ஐயா, சீனர்கள் அதிகமுள்ள ஜார்ஜ்டவுனுக்கு 1957இல் முதல் மேயராக வந்த டி. எஸ். ராமநாதன் யார்? ஈப்போ நகரசபையைக் கையில் வைத்திருந்த கட்சியை நடத்திய சீனிவாசகம் சகோதரர்கள் யார்?" அந்தக் காலம் வேறு என்றேன். அவள் விடவில்லை. ஊராட்சிகளை விசாரிக்க 1965இல் அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் ஆதி நாகப்பன். முறைகேட்டுப் புகார்களையெல்லாம் கேட்ட பிறகும், குறையிருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே மேல் என்றல்லவா 1968இல் அறிக்கை கொடுத்தார்? ஒரு தமிழரே சொன்னதை நீங்கள் ஏன் சொல்லவில்லை? நேரமாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். அந்த அறிக்கையின் சுருக்கம் என் அலமாரியில் இருந்தது.

சிறுபான்மையின் பயம் பொய்யில்லை. வட்டாரங்களை எப்படிப் பிரிப்பார்கள், நம் தாமான்கள் எந்த மூலைக்குப் போகும் என்று கவலைப்பட நியாயம் உண்டு. அன்றைக்கு என்னைப் பேசவைத்தது அந்தக் கவலை இல்லை. தேர்தல் வந்தால் அந்தத் தோசைக்கடை அம்மாவிடம் நான் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஆயர் குரோவில் குடியிருக்கிறேன். மாநில அரசின் தலைமையகமான ஸ்ரீ நெகிரி இங்கேதான். மலாக்கா மாநகராட்சியின் கட்டடமும், 2010இல் மூன்று மன்றங்களிலிருந்து பிரித்தெடுத்து உண்டாக்கிய ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகமும் இங்கேதான். இந்த ஊரில் யாரும் ஒரு மன்ற உறுப்பினரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது.

போன மாதம் கட்சியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "அடுத்த பட்டியலுக்கு நம்ம ஆள் ஒருத்தர் பெயர் சொல்லுங்க அண்ணே." அக்கா மகன் பெயரைச் சொன்னேன். கணக்காய்வாளர், மலாய் நன்றாகப் பேசுவான், பெரியவர்களிடம் பணிவு. வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அந்த வழக்கறிஞர் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். யாருமில்லை என்றேன்.