சத்தமில்லாமல் ஓடிய தண்ணீர்

எங்கள் வீட்டில் மாதத்திற்கு 15 யூனிட்டுக்கு மேல் தண்ணீர் போனதில்லை. ஒரு மாதம் பில்லில் 23 என்றிருந்தது. ஒரு யூனிட் என்பது ஆயிரம் லீட்டர். பாவனை கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும். கணவர் வெளிநாட்டில். அவர் அனுப்பும் காசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள் நான்.

கோபம் உம்மாவின் பக்கம் திரும்பியது. "வுழூவுக்கு இவ்வளவு தண்ணியா உம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் ஒரு சிறிய ஜக்கில் தண்ணீர் எடுத்து வுழூச் செய்யத் தொடங்கினார். "இரவில எங்கயோ தண்ணி ஓடுற சத்தம் கேக்குது மகள்" என்று ஒருநாள் சொன்னார். வயதானவரின் காது என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த பில்லும் குறையவில்லை. அன்றிரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். முள் சுற்றிக்கொண்டேயிருந்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு லீட்டர்! நாளொன்றுக்கு 288 லீட்டர், மாதத்திற்கு எட்டு யூனிட்டுக்கும் மேல். மலசலகூடத்துச் சிஸ்டனுக்குப் போகும் வால்வை மூடினேன். முள் நின்றது.

சிஸ்டனின் மூடியை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். உள்ளே இருப்பது பெரிய வித்தையல்ல. தண்ணீர் நிறைய நிறைய ஒரு மிதவை மேலே எழுந்து, உள்ளே வரும் வழியை அடைத்துவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் அடியிலுள்ள அடைப்பு தூக்கப்பட்டு, தண்ணீர் முழுவதும் ஒரே வீச்சில் கொமட்டில் விழுகிறது. அந்த வேகத்தில் கொமட்டின் வளைந்த குழாய் நிரம்பி, எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. கடைசியில் அந்த வளைவில் தங்கும் தண்ணீர்தான் கீழிருந்து துர்நாற்றம் வராமல் தடுக்கிறது. இந்த வளைவுக்கு 1775இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர். சிறிய பொத்தான், பெரிய பொத்தான் என இரண்டு வைக்கும் முறை 1980இல் அவுஸ்திரேலியாவில் வந்தது. இன்று பல சிஸ்டன்களில் சிறியதற்கு 3 லீட்டர், பெரியதற்கு 6 லீட்டர்.

எங்கள் சிஸ்டனில் கெட்டுப்போயிருந்தது அடியிலுள்ள இறப்பர் வளையம் மட்டுமே. அது இறுகிப்போனதால், தண்ணீர் நூல்போல கொமட்டுக்குள் கசிந்தது. மட்டம் இறங்க மிதவையும் இறங்கும். உடனே புதுத்தண்ணீர் உள்ளே வரும். உம்மா கேட்ட சத்தம் அதுதான்.

உங்கள் வீட்டிலும் சோதித்துப் பாருங்கள். கேக்குக்குப் போடும் கலரில் சில துளிகளைச் சிஸ்டனுக்குள் விட்டு, அரைமணி நேரம் பொத்தானை அழுத்தாதிருங்கள். கொமட்டுத் தண்ணீரில் நிறம் தெரிந்தால் அடியில் கசிகிறது. சிஸ்டனுக்குள் நிமிர்ந்து நிற்கும் குழாயின் வாயால் தண்ணீர் வழிந்தால், மிதவையைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும், அல்லது உள்வரும் வால்வைப் பார்க்க வேண்டும்.

வால்வை மூடிவைத்து, பழைய வளையத்தைக் கழற்றி ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் புதியதொன்றை வாங்கி நானே மாட்டினேன். அடுத்த மாதம் பில் 15 யூனிட். அதை உம்மாவின் கையில் கொடுத்து, "என்னை மன்னிச்சிக்கோங்க உம்மா" என்றேன்.

"இப்ப அந்தச் சத்தம் கேக்கிறல்ல மகள்" என்றார். அவ்வளவுதான். ஆனால் ஜக்கை மட்டும் அவர் இன்னும் விடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் சுடுகிறது.