ஓசூர் நம்பிக்கை மையத்தில்

ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்த லாரிகள் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. வாரக்கணக்கில் வீடு பார்க்காத ஓட்டுநர்களும், அறையெடுத்துத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களும் நிறைந்த ஊர் ஓசூர். எச்.ஐ.வி. என்றதும் ஊரார் விரல் அவர்கள் பக்கம் நீளும். ஆனால் கிருமி தொழிலைப் பார்த்து வருவதில்லை. இதைச் சொல்லுமுன் நானும் சோதித்துக்கொள்ளலாம் என்று, ஓசூர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போனேன்.

பரிசோதனைக்குப் பணம் கிடையாது. ரத்தம் எடுக்குமுன் ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். சம்மதம் கேட்டார்.

"கொசு கடிச்சா வருமா, மேடம்?"

"வராது சார். ஒரே தட்டுல சாப்பிட்டாலும், ஒரே பாத்ரூம் போனாலும், கட்டிப் பிடிச்சாலும் வராது."

வரும் வழிகள் சிலதான்: ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து குழந்தைக்கு.

காத்திருந்த கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது: நெகட்டிவ். எழப்போன என்னை அவர் உட்கார வைத்தார். தொற்றிய புதிதில் இந்தச் சோதனை அதைக் காட்டாது. ஆபத்தான தொடர்பு இருந்திருந்தால் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முதல் சோதனை தொற்றைக் காட்டினாலும் உடனே முடிவு கட்டுவதில்லை. வேறு வகைச் சோதனைகளும் அதையே சொன்னால்தான் பாசிட்டிவ்.

1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது கொடுக்க மருந்தே இல்லை. 2004 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தினமும் விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. கர்ப்பிணி மருந்து எடுத்தால் குழந்தையையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

ஓசூர் போன்ற தொழில் நகரத்தில் எல்லோரும் அறிய வேண்டியது இன்னொன்று. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி ஒருவரிடம் பாரபட்சம் காட்டுவதையும் சட்டம் தடுக்கிறது.

ஆளைப் பார்த்து எச்.ஐ.வி. இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் பேசுங்கள், இலவசம். பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.