அடுத்து என்ன ஆடலாம்?

திங்கள், இரவு

சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, சிவிலைசேஷன் 6, எக்ஸ்காம் 2 ரெண்டும் சலிக்கச் சலிக்க ஆடியாச்சு. டர்ன் பேஸ்டு கேம்தான் வேணும். அடுத்து என்ன ஆடலாம்?"

நாலைந்து பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். இந்த வகையில் பெயருக்கா பஞ்சம்? 1991இல் சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் மைக்ரோபுரோஸில் முதல் சிவிலைசேஷனை உருவாக்கினார்கள். 1993இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் வந்தது. அதைப் பற்றி எழுதும்போதுதான் ஆலன் எம்ரிச் பேரரசு வளர்க்கும் கேம்களுக்கு ‘4எக்ஸ்’ என்ற பெயரையே வைத்தார். 1994இல் ஜூலியன் காலப்பின் முதல் எக்ஸ்காம். அன்றிலிருந்து குவிந்து கிடப்பதில் இவனுக்கு எது என்பதுதான் கேள்வி. ஒரே வகை என்று கடையில் ஒரே வரிசையில் அடுக்கியிருப்பார்கள், ஆடிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இருக்காது. சிவிலைசேஷனில் ஒரு டர்ன் போட்டால் வருஷக்கணக்கில் காலம் ஓடிவிடும். எக்ஸ்காமில் ஒரு டர்ன் என்பது ஒரு சுவரின் மறைவிலிருந்து அடுத்த சுவருக்கு ஓடும் நேரம்.

அதனால் அவனிடம் திருப்பிக் கேட்டேன். எந்த கேம் பிடித்தது என்று சொல்ல வேண்டாம். இத்தனை நாள் ஆடியதில் மறக்கவே முடியாத ஒரு டர்ன் எது, அதை மட்டும் யோசித்துச் சொல் என்றேன். யாருக்காவது கேம் சொல்வதாக இருந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

செவ்வாய்

மதியம் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. எக்ஸ்காம் 2இல் ஒரு மிஷன். ஆறு பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள், ஒருத்தி மயங்கிக் கிடக்கிறாள். டர்ன் கணக்கு முடியப்போகிறது. மிச்சமிருந்த ஒருவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஹெலிகாப்டர் மாதிரி வந்து நிற்கும் அந்த ஊர்தியின் கயிற்றுக்கு ஓடுகிறான். தூக்கியிருக்கும்போது சுடவும் முடியாது. கடைசி டர்னில் இரண்டு பேரும் மேலே போய்விட்டார்கள். "மிஷன் ஃபெயில்தாண்ணே. ஆனா அன்னிக்குத் தூக்கமே வரல."

சிவிலைசேஷனைப் பற்றி ஒரே வரி: "பாதியிலயே ஜெயிச்சிருவோம்னு தெரிஞ்சிருது. அப்புறம் வெறும் கிளிக்குதான். ஒரு மேட்ச்கூட முடிச்சதில்ல."

இனி வேலை சுலபம். முடிவு தெரிந்த பிறகும் இழுத்துக்கொண்டு போகும் ஆட்டம் அவனுக்கு ஆகாது. ஒவ்வொரு டர்னும் கனமாக இருக்க வேண்டும், பணயமாக ஒரு ஆள் இருக்க வேண்டும், அந்த ஆளை விட்டுவிட்டு வருவதா தூக்கிக்கொண்டு வருவதா என்ற கேள்வி இருக்க வேண்டும். மேப் எவ்வளவு பெரிது, எத்தனை நாடு, எத்தனை யூனிட் என்பதையெல்லாம் அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஸ்ட்ராட்டஜி பிடித்தவன் என்றாலே இன்னும் பெரியதாக ஒன்றைத் தூக்கிக் கொடுப்பதுதான் வழக்கம். அவன் சொன்னதைக் கேட்டால் எதிர்த்திசையில்தான் போக வேண்டும்.

இன்னொன்றும் சொன்னான். 95 சதவீதம் என்று காட்டிவிட்டுக் குண்டு தவறிப் போகும்போது மனசே விட்டுப்போகிறதாம். அது நியாயமான கோபம்.

புதன், இரவு

முதலில் இன்டூ த பிரீச். 2018இல் சப்செட் கேம்ஸ் வெளியிட்டது. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இருவர்தான் அந்த நிறுவனத்தின் ஆணிவேர். எஃப்டிஎல் என்ற விண்கல கேமைச் செய்தவர்களும் அவர்களே. பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

எட்டுக்கு எட்டுக் கட்டம், சதுரங்கப் பலகையின் அதே அளவு. உங்களிடம் மூன்று இயந்திர வீரர்கள். தரைக்கடியிலிருந்து வெக் என்ற ராட்சதப் பூச்சிகள் ஏறிவருகின்றன. நடுவில் மக்கள் வாழும் கட்டிடங்கள். பூச்சிகளை அழிப்பதைவிடக் கட்டிடங்களைக் காப்பதுதான் முக்கியம், ஏனென்றால் அவை இடிந்தால் மின்கட்டமைப்பு குறையும். அது பூஜ்யத்துக்கு வந்தால் ஆட்டமே முடிந்தது. ஒரு மிஷன் பெரும்பாலும் நாலைந்து டர்னுக்குள் முடிந்துவிடும்.

இதன் உயிர்நாடி ஒரே ஒரு விதி. எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான், எந்த வரிசையில் அடிக்கப் போகிறான் என்பதெல்லாம் நீங்கள் கை வைப்பதற்கு முன்பே திரையில் தெரிந்துவிடும். நீங்கள் கொடுக்கும் அடி தவறவே தவறாது. சதவீதம் என்று ஒன்று இருப்பது ஒரே இடத்தில்தான்: இடிய வேண்டிய கட்டிடம் தப்பிப்பதற்கு ஒரு சிறு வாய்ப்பு. அதுவும் உங்களுக்குச் சாதகமானதே.

இன்று ஆடியதில் ஒரு டர்னை அவனுக்காக எழுதி வைக்கிறேன். ஃபயர்ஃபிளை என்ற பூச்சி கிழக்கே பார்த்து நிற்கிறது, அதன் நேர்க்கோட்டில் ஒரு குடியிருப்பு. ஒரு வரிசை கீழே, இன்னும் கிழக்கே, ஏற்கெனவே அடிபட்ட ஹார்னெட் ஒன்று, பக்கத்துக் கட்டிடத்தின்மேல் கொடுக்கை நீட்டிக்கொண்டு. ஏரிக்கரையில் ஸ்கேரப், தூரத்து மின்நிலையத்தைக் குறிவைத்து. போதாததற்குத் தரையில் ஒரு வெடிப்பு. அடுத்த டர்னில் அதிலிருந்தும் ஒன்று ஏறும். எதிரி மூன்று, வெடிப்பு ஒன்று, என் கையில் மூன்றே நகர்வு.

ரொம்ப நேரம் மௌஸைத் தொடவில்லை. ஃபயர்ஃபிளையைக் கொல்ல என்னிடம் வலு இல்லை. ஆனால் தள்ளலாம். கேனன் வீரனை அதற்கு நேர் வடக்கே நிறுத்தித் தெற்குநோக்கிச் சுட்டேன். ஃபயர்ஃபிளை ஒரு கட்டம் கீழே போனது. முகம் இப்போதும் கிழக்கேதான். ஆனால் அந்த வரிசையில் இப்போது இருப்பது ஹார்னெட். அடிக்கும் வரிசையில் ஃபயர்ஃபிளைக்கு எண் 1, ஹார்னெட்டுக்கு எண் 2. ஸ்கேரப்பை ஒரே குத்தில் ஏரிக்குள் தள்ளினேன். பறக்கத் தெரியாத சாதாரண வெக் தண்ணீரில் விழுந்தால் மீளாது. மூன்றாமவனை வெடிப்பின்மேலேயே நிறுத்தினேன். கீழிருந்து முட்டியதில் அவனுக்கு ஒரு புள்ளி சேதம், ஆனால் பூச்சி வெளியே வரவில்லை. டர்னை முடித்ததும் ஃபயர்ஃபிளை சுட்டது, ஹார்னெட் செத்தது. ஒரு ஓடுகூடப் பெயரவில்லை.

இந்த ஆட்டத்தில் தோற்றால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வழியே இல்லை. எல்லாத் தகவலும் கண்முன்னால் விரிந்து கிடக்கிறது. டர்ன் முறை என்ற ஏற்பாடு எதற்காக என்பதற்கு இதைவிட நல்ல பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆட்டம் நின்று காத்திருக்கிறது. அந்த நிற்றலுக்கு ஈடாக உங்கள் முழுச் சிந்தனையையும் கேட்கிறது.

வெள்ளி

தம்பி இன்டூ த பிரீச்சை இறக்கிவிட்டான். அதற்குள் இன்னொரு கேள்வி. "சிவ் 7ல சோழர் இருக்காங்களாமே, வாங்கிரலாமா?"

இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பாகத்தில், இரண்டாவது யுகத்தில் எடுத்து ஆடக்கூடிய நாகரிகங்களில் சோழரும் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது, அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களின் பெயரில் கட்டிடங்கள் வைத்திருப்பது. கல்வெட்டில் படித்த பெயர்கள் ஓர் உலகப் புகழ்பெற்ற கேமில் வந்து நிற்பதைப் பார்த்துப் பூரித்துத்தான் போனேன். ராஜராஜனோடு நிறுத்திவிடாமல் கடல் வணிகர்கள் வரைக்கும் போய்த் தேடியிருக்கிறார்கள்.

ஆனாலும் இவன் சிவிலைசேஷனில் ஒரு மேட்ச்கூட முடிக்காதவன். நம் கொடி இருக்கிறது என்பதற்காக அதே களைப்பைத் திரும்ப வாங்க வேண்டாம். தள்ளுபடி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பதில் ஓல்ட் வேர்ல்ட். சிவிலைசேஷன் 4இன் தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன், தன் சொந்த நிறுவனமான மொஹாக்கில் செய்தது. 2021இல் வெளிவந்தது. ரோம், கிரேக்கம், எகிப்து, பாரசீகம், அசீரியா என்று பழங்காலத்தோடு நின்றுவிடுகிறது. பீரங்கியும் கிடையாது, ராக்கெட்டும் கிடையாது. அந்த எல்லைக்கோடுதான் அதன் பலம்.

சிவிலைசேஷனின் பிற்பகுதி ஏன் வெறும் கிளிக்காகிறது? அங்கே ஒவ்வொரு யூனிட்டுக்கும் டர்னுக்கு ஒரு நகர்வு உண்டு. நாடு வளர வளர யூனிட்டும் பெருகும், நகர்த்தும் வேலையும் பெருகும். ஓல்ட் வேர்ல்டில் நகர்வு யூனிட்டின் சொத்து இல்லை, அரசின் சொத்து. ஒரு டர்னுக்கு இத்தனை ஆணை என்று கஜானாவில் இருக்கும். ஒரே குதிரைப்படையைக் களைத்துப்போகும் வரை ஓட்டலாம், அல்லது ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம். போர் வந்தால் வயல்வேலை நின்றுபோகும், ஆணை போதாது. எந்த ஆணையை வீணாக்கினோம் என்று கடைசி வரை உறுத்திக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, ஒரு டர்ன் ஒரு வருஷம். அரசருக்கு வயதாகிறது, இறக்கிறார், வாரிசு வருகிறது. அந்த வாரிசை யாரிடம் படிக்க விட்டோம், எந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தோம் என்பதெல்லாம் அப்போது வந்து நிற்கும். ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியவனுக்கு இது பிடிக்காமல் போகாது.

சனி, பின்னிரவு

இரண்டு நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்த பெயர் இன்று பிடிபட்டது. அவன் சொன்ன அந்த டர்னையே ஒரு முழு கேமாகச் செய்திருக்கிறார்கள்: இன்விசிபிள் இங்க். கனடாவின் கிளெய் நிறுவனம், 2015. பெருநிறுவனங்களின் கட்டிடங்களுக்குள் புகுந்து திருடும் உளவாளிகள். சண்டை போட்டு ஜெயிக்கும் கேம் இல்லை.

வேகமாக ஓடிப்போய்க் கதவைத் திறக்கும் கேமும் இல்லை. மூலையில் நின்று எட்டிப் பார்க்கக்கூட ஒரு நகர்வுப் புள்ளி செலவாகும். காவலாளியை மயக்கிப் போட்டால் சில டர்னில் எழுந்துவிடுவான். எழாமல் இருக்க வேண்டுமென்றால் நம் ஆள் ஒருவர் அவன்மேல் அமர்ந்தே இருக்க வேண்டும். அப்படி அமர்ந்தால் அந்த ஆள் வேறெதற்கும் உதவமாட்டார். ஒவ்வொரு டர்னுக்கும் எச்சரிக்கை அளவு தானாகவே ஏறும், ஏற ஏறக் காவல் கூடும். எல்லா அறையையும் நிதானமாகத் துழாவிவிட்டுப் போகலாம் என்ற பேராசைக்கு அங்கே இடமில்லை. யாராவது விழுந்துவிட்டால் தரையோடு இழுத்துக்கொண்டு லிஃப்ட் வரை வர வேண்டும். இழுக்கும்போது நடை மெதுவாகும், கதவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கும்.

செய்த டர்னைத் திருப்பி எடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். சேவ் செய்துவைத்துத் திரும்பத் திரும்ப லோடு போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது எக்ஸ்காமின் பயத்தையெல்லாம் வடியவிட்டுவிடும். இங்கே அளவாகக் கொடுத்திருப்பதால் அந்த வாய்ப்பை எப்போது செலவழிப்பது என்பதே ஒரு தனி யோசனை ஆகிவிடுகிறது.

இரவு ஒரு மணிக்கு அவனுக்குப் பெயரை மட்டும் அனுப்பினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை.

ஞாயிறு

காசு செலவில்லாமல் ஏதாவது உண்டா என்று அவன் நண்பன் கேட்கச் சொன்னானாம். உண்டு, தாராளமாக. பேட்டில் ஃபார் வெஸ்நாத், 2003இல் டேவிட் வைட் தொடங்கி வைத்தது, இன்றுவரை ஆர்வலர்கள் கூடி வளர்ப்பது. முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. அறுகோணக் கட்டங்கள். விடியல், காலை, பிற்பகல், அந்தி, இரவின் இரண்டு சாமம் என்று ஆறு டர்னில் ஒரு நாள் சுழலும். பகலில் மனிதப் படைக்குக் கால் பங்கு வலு கூடும், இரவில் ஓர்க்குகளுக்கு. ஆகவே அந்தி சாயும்போது பின்வாங்கி ஆற்றைத் தாண்டி நின்றுகொண்டு, விடிந்ததும் பாய வேண்டும். பொழுதை ஆயுதமாக்கிய இந்த ஒரு யோசனைக்காகவே அதை ஆடலாம். இதிலும் சதவீதம் உண்டு. ஆனால் ஒரு பெரிய குண்டாக இல்லாமல் பல சிறு வீச்சுகளாகப் பிரிந்து வருவதால், எக்ஸ்காமில் வலித்த மாதிரி வலிக்காது.

யூனிட்டி ஆஃப் கமாண்டும் நல்ல கேம்தான், 1942இன் ஸ்டாலின்கிராட் போர்முனையைப் பற்றியது. எதிரியோடு நேரே மோதாமல் அவனுடைய சப்ளை வழியை அறுத்துவிட்டால் டர்னுக்கு டர்ன் அவன் வலுவிழப்பதைப் பார்க்கலாம். நவம்பர் 19 முதல் சோவியத் படைகள் இரு பக்கமும் ருமேனியப் படைகளை உடைத்துக்கொண்டு போய், நாலே நாளில் கலாச் அருகே கைகோத்து ஆறாவது ஜெர்மன் படையைச் சுற்றி வளைத்தது எப்படிச் சாத்தியமானது என்பது அதை ஆடும்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெர்மன் பக்கத்திலிருந்து ஆட எனக்கு மனம் வருவதில்லை, சோவியத் பக்கம்தான். தம்பிக்கு இதைச் சொல்லவில்லை. அங்கே படைப்பிரிவுகள்தான் உண்டு, பெயரும் முகமும் உள்ள ஆள் கிடையாது.

புதன்

இன்விசிபிள் இங்க்கில் இரண்டு பேரை உள்ளே விட்டுவிட்டு வந்தானாம். மறுபடி புதிதாகத் தொடங்கியிருக்கிறான். ஓல்ட் வேர்ல்ட் அடுத்த மாதச் சம்பளத்துக்கு.

சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறான். ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 போட்டு வைக்கப் போகிறேன். 1999இல் வந்தது, இன்றும் ரசிகர்கள் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டரில் நாற்காலி மாற்றி மாற்றி இரண்டு பேர் ஆடலாம். அவன் ஆடும்போது நான் எழுந்துபோய்விட வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. ஏழு நாளுக்கு ஒருமுறை கோட்டைகளில் புதிய படை சேரும், அதனால் ஏழாம் நாள் யார் எந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதில்தான் எல்லாம். சின்ன மேப்பாக எடுத்தால் போதும், சாப்பாட்டுக்கு முன்னால் முடியும். அவனுக்கு நெக்ரோபோலிஸ் என்ற கோட்டை வகையைக் கொடுக்கப் போவதில்லை. செத்த படைகளை எலும்புக்கூடுகளாக எழுப்பிக்கொண்டே போகலாம் என்று தெரிந்தால் வேறு எதையும் தொடமாட்டான். கேஸில் எடுக்கட்டும், கிரிஃபின்களை முதல் வாரத்திலேயே சேர்த்துவிடச் சொல்லித் தர வேண்டும்.