சிஸ்டர் நிறுத்தச் சொன்னால்

கழுத்தின் பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் என்ற குழாயைப் போடுவது எங்கள் ஐசியூவில் அன்றாட வேலை. அந்தக் குழாய் வழியே கிருமி புகுந்துவிட்டால், வந்த நோயிலிருந்து தப்பித்தவரைக்கூட இழக்க நேரிடும். தடுக்கச் செய்ய வேண்டியவை ஐந்துதான். கை கழுவ வேண்டும். குளோர்ஹெக்ஸிடினால் தோலைத் துடைக்க வேண்டும். தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை போட்டுக்கொண்டு, நோயாளியின் உடல் முழுவதையும் டிரேப் என்ற ஸ்டெரைல் துணியால் மூட வேண்டும். கூடுமானவரை தொடைப் பக்கம் போகக் கூடாது. தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிட வேண்டும். 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் என்ற டாக்டர் இவற்றை ஒரு தாளில் செக்லிஸ்ட்டாக எழுதினார். இதில் எந்த டாக்டருக்கும் தெரியாதது எதுவுமில்லை.

அவர் செய்த பெரிய காரியம் வேறு. ஒரு படி விட்டுப்போனாலும் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுக்கு வாங்கிக் கொடுத்தார். பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். லைன் உடலில் இருக்கும் ஆயிரம் நாட்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. ஆனால் தாள் மட்டும் போதுமா? அறுவை சிகிச்சைக்கான செக்லிஸ்ட்டை எட்டு நகரங்களில் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகள் செக்லிஸ்ட்டைக் கையில் எடுத்தும், 2014-இல் வந்த முடிவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. டிக் அடிப்பது வேறு, செய்வது வேறு என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

செய்வது எங்கே தொடங்குகிறது என்பதை எங்கள் வார்டிலேயே பார்க்கலாம். யூனிட் சீஃப் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். சுற்றிலும் பி.ஜி. மாணவர்கள். ஸ்டாஃப் நர்ஸ், "சார், டிரேப் சின்னதா இருக்கு, பெரிசு எடுத்துட்டு வந்துடறேன்" என்கிறார். சீஃப் ஊசியைக் கீழே வைத்து, "கொண்டு வாங்க சிஸ்டர்" என்றால் அன்றே அந்த வார்டு மாறும். முகம் சுளித்தால், அந்தச் சிஸ்டர் இனி எந்தப் பி.ஜி.யிடமும் வாய் திறக்க மாட்டார். ஆணை, சுற்றறிக்கை எதுவும் அந்த ஒரு நொடி முகபாவத்துக்கு ஈடாகாது.

இன்னொன்று, அந்தப் பெரிய டிரேப் ஸ்டோரில் இருக்க வேண்டும். டிரேப் ஒரு அலமாரியில், கவுன் தியேட்டரில், சாவி வேறொருவரிடம் என்றால் நடுராத்திரியில் யாரும் தேடிப் போக மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே டிராலியில் வைப்பதும், தீருமுன் இன்டென்ட் போட்டு வரவைப்பதும் சீஃபின் வேலை. கௌரவக் குறைவு என்று இதைக் கீழே தள்ளிவிடுகிறவரிடம் தரத்தை எதிர்பார்க்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

தொற்று வந்துவிட்டால் முதல் கேள்வியும் முக்கியம். "யார் போட்ட லைன்?" என்று தொடங்கினால் அடுத்த மாதக் கணக்கு அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. "எந்தப் படி விட்டுப்போச்சு, ஏன்?" என்று கேட்டால் ஸ்டோர் கதையும் ஆள் பற்றாக்குறையும் தானாக வெளியே வரும்.

புது பேட்ச் பி.ஜி.க்களுக்குச் சென்ட்ரல் லைன் வகுப்பை இப்போது மூத்த ஸ்டாஃப் நர்ஸ்தான் எடுக்கிறார். நான் கவுன் போட்டுப் பயிற்சிப் பொம்மை முன் நின்று, வேண்டுமென்றே ஒரு படியை விடுகிறேன். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "நிறுத்துங்க சார்" என்கிறார். அடுத்து ஒவ்வொரு பி.ஜி.யும் என் இடத்தில் நின்று அதைக் கேட்டுப் பழகுகிறார்.